கட்டுச்சோறும் யூரித்தேன் புஷ்ஷும்

உக்காருங்க தம்பி, உக்காருங்க. கடைக்காரர் ஜலீல் பாய் குடோனுக்குப் போயிருக்காரு. போனா அவ்வளவு சுளுவா வரமாட்டாரு, அங்க அவருக்கு ஒரு ஃபேனும் ஒரு சாய்வு நாற்காலியும் இருக்குது. நானும் அவருக்காகத்தான் உக்காந்திருக்கறேன். அதென்னங்க கையில, காட்டுங்க. அட, லோயர் ஆர்ம் புஷ். ரப்பர். வாயைப் பொளந்துட்டுக் கிடக்குது பாருங்க. இதே மாதிரி இன்னொண்ணு வாங்கிட்டுப் போலாம்னுதானே வந்தீங்க? வாங்காதீங்க.

நான் கடைக்காரன் இல்லீங்க. பேரு சென்னியப்பன், சிங்காநல்லூர்ல லேத் பட்டறை வெச்சிருக்கறேன். நீங்க எதை வாங்கினாலும் எனக்கு ஒண்ணும் இல்ல. ஒரு மனுசன் தெரியாம குழியில விழப்போறாருன்னா சொல்லணுமா இல்லியா? அதுக்காகச் சொல்றேன்.

எந்த வண்டிங்க? அடடா. அதே தலைமுறை வண்டி. என்னுதும் பழைய ஸ்போர்ட்ஸ் செடான்தான். அந்தக் கம்பெனிக்காரன் நாட்டை விட்டே போயிட்டான், வண்டி இன்னும் என்கிட்ட ஓடிட்டு இருக்குது. அப்ப கேட்டுக்கங்க. புஷ் விஷயத்துல கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். வண்டியை ஓட்டறது யாரு? நீங்கதானே? அப்ப முடிஞ்சுது பேச்சு. யூரித்தேன் போடுங்க. வீட்ல கேக்கறது, அக்கம்பக்கத்துல கேக்கறது, மச்சான்கிட்ட கேக்கறது, இதெல்லாம் வேண்டாம். முக்கியமா மச்சான்கிட்ட கேக்கவே வேண்டாம்.

உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், இருந்தாலும் சொல்றேன். சக்கரத்தைப் பிடிச்சிருக்கற இரும்புக் கை இருக்குதல்ல, அது வண்டியோட அடிப்பாகத்துல வந்து சேர்ற இடத்துல இரும்பும் இரும்பும் மோதக்கூடாதுன்னு நடுவுல ஒண்ணு வெக்கறாங்க. அதான் புஷ். ரப்பர்ல வெச்சா மெதுமெதுன்னு இருக்கும். மெதுமெதுன்னு இருந்தா என்ன ஆகும்? நீங்க ஸ்டீரிங்கை ஒரு பக்கம் திருப்புவீங்க, வண்டி கொஞ்சம் யோசிச்சுட்டுத் திரும்பும். நான் சொன்னா நீ எதுக்கு யோசிக்கறே? வீட்லதான் எல்லாரும் யோசிச்சு யோசிச்சு நம்ம பேச்சைக் கேக்கறாங்க, வண்டியுமா?

யூரித்தேன் ஒரு மாதிரி பிளாஸ்டிக்கு, அப்படி இல்லீங்க. கெட்டி. சொன்னா சொன்னதுதான்.

எனக்கு ரப்பர் மேல சும்மா ஒண்ணும் கோபம் இல்ல. நானும் மொதல்ல ரப்பர்தான் போட்டேன். நம்ம பட்டறையிலயே பிரஸ் இருக்குது, அமுக்கி ஏத்தி, வண்டியை ஸ்டேண்டுல தூக்கி நிறுத்தி, சக்கரம் அந்தரத்துல தொங்கத் தொங்க நானே போல்ட்டெல்லாம் டைட் பண்ணினேன். நல்ல டைட்டுங்க, என் டைட்டு பட்டறையில பேர் போன டைட்டு. அடுத்த மழைக்குள்ள கிழிஞ்சு போச்சு. மறுபடியும் வாங்கினேன், மறுபடியும் அதே மாதிரி நல்லா டைட் பண்ணினேன், மறுபடியும் கிழிஞ்சுது. அப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு. இன்னிக்கு வர்ற ரப்பர் சரியில்ல.

அப்ப எங்க மச்சான் வந்தாரு. என் சம்சாரம் வசந்தாமணிக்கு மூத்தவரு, மயில்சாமின்னு பேரு. பொள்ளாச்சிப் பக்கம் மினிபஸ் விட்டுட்டு இருக்காரு. மினிபஸ் விட்டா எல்லாம் தெரியும்னு நெனப்பு. வந்தவரு காப்பியைக் குடிச்சுட்டு சும்மா போகாம, வண்டிக்கு அடியில எட்டிப் பாத்துட்டுச் சொல்றாரு: "மாப்பிள்ளை, ரப்பர் புஷ்ஷை சக்கரம் தொங்கறப்ப டைட் பண்ணக்கூடாதுங்க. வண்டியைக் கீழ இறக்கி, பாரம் ஏறுனதுக்கு அப்புறம் பண்ணணும். இல்லாட்டி ரப்பர் முறுக்கிட்டே நிக்கும், கிழிஞ்சுரும்."

நான் சிரிச்சேன் பாருங்க! டைட்டு மேல இருந்து பண்ணினா ஒரு டைட்டு, கீழ இருந்து பண்ணினா வேற டைட்டா? முப்பது வருசமா இரும்பைக் கடைஞ்சு சாப்பிடறவன்கிட்ட பஸ்காரர் டைட்டு சொல்லித் தர்றாரு. "மச்சான், உங்க பஸ்ல ஆடு, கோழியெல்லாம் ஏத்தறீங்க, அதைப் பாருங்க"ன்னேன். மூஞ்சி சுருங்கிப் போச்சு அவருக்கு. வசந்தாமணி அன்னிக்கு ராத்திரி சோத்தை என் தட்டுல போட்ட விதத்துலயே எனக்குத் தெரிஞ்சுது, அவளுக்கும் சுருங்கியிருக்குதுன்னு.

அப்பத்தான் யூரித்தேன் போடறதுன்னு முடிவு பண்ணி இதே கடைக்கு வந்தேன். நீங்க உக்காந்திருக்கற அதே ஸ்டூல்ல உக்காந்தேன். பாய் மூணு கலர் எடுத்து வெச்சாரு. இந்தக் கம்பெனியில செவப்பு கொஞ்சம் எளக்கம், மஞ்சள் நடுத்தரம், கருப்பு நல்ல கெட்டி. பாய் என்ன சொன்னாருன்னா, "முன்னாடி மஞ்சள் போடுங்க, பின்னாடி செவப்புப் போடுங்க, வீட்ல பொம்பளைங்க உக்காருவாங்க"ன்னாரு. பாய் நல்ல மனுசந்தான், ஆனா மனசு எளக்கம். நான் நாலு மூலைக்கும் கருப்பு எடுத்தேன். பாதி மஞ்சள் பாதி செவப்புன்னு போட அது என்னங்க, கோயில் தூணா? போட்டா முழுசாப் போடணும்.

போட்டு ஓட்டினேன் தம்பி. என்னத்தைச் சொல்ல.

ஆழியார் தாண்டி வால்பாறை ஏறுவீங்கல்ல, அந்தக் கொண்டை ஊசி வளைவுல போய்ப் பாருங்க. நெனைக்கறதுக்கு முன்னாடி திரும்பியிருக்கும். ரோட்டுல கெடக்கற பொடிக்கல்லைக்கூட உள்ளங்கையில சொல்லும். இது என்ன தாரு, எந்த வருசம் போட்டது, எவன் கான்ட்ராக்ட் எடுத்தான், அது வரைக்கும் சொல்லும். எனக்கு ஐம்பத்தெட்டு வயசு. அன்னிக்கு நான் இருவத்தெட்டுங்க.

சத்தம் வரும்பாங்க. வராது. மழைத்தண்ணி பட்டா லேசா ஒரு கீச்சு, அவ்வளவுதான். அதுக்குன்னு சிலிக்கான் கிரீஸ் இருக்குது, தடவினாப் போச்சு. எங்க தெருவுல நாய்க எந்திரிச்சுக் கொலைக்குதுன்னு எதுத்த வீட்டுக்காரர் சொன்னாரு. நாய்ன்னா கொலைக்கத்தான் செய்யும். ஆட்டம் இருக்கும்பாங்க. ஆட்டம் இல்ல, உணர்ச்சி! வசந்தாமணி தலகாணி கொண்டு வர ஆரம்பிச்சா. மொதல்ல ஒண்ணு, அப்புறம் முதுகுக்கு ஒண்ணு. அப்புறம் அவ வர்றதையே நிறுத்திட்டு டவுன்பஸ்ல போறா. கேட்டா, பஸ்ல நாலு பேருகிட்டப் பேசிட்டுப் போலாமாம். சரி, பொம்பளைங்களுக்குப் பேச்சுத்தொணை வேணும். புஷ்ஷுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

டீ சொல்லட்டுங்களா? வேண்டாமா? சரி.

இப்பத்தான் விசயத்துக்கு வர்றேன். எனக்கு ஒரே பொண்ணு, சிந்துஜா. உடுமலையில குடுத்திருக்கறோம். நல்ல எடம், குத்தம் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல, சம்பந்தி கொஞ்சம் சிரிப்பு ஜாஸ்தி, அவ்வளவுதான். பொண்ணு மாசமா இருக்கறா. நம்ம பக்கம் வழக்கம் தெரியுமல்ல, கட்டுச்சோறு. பொறந்த வீட்டுல இருந்து வகைவகையாச் சோறு கட்டி எடுத்துட்டுப் போய், சம்பந்தி வீட்ல எல்லாருக்கும் பரிமாறி, பொண்ணுக்கு வளையல் போட்டு, பிரசவத்துக்குக் கையோட கூட்டிட்டு வரணும். அப்பன் போய்க் கூட்டிட்டு வரணும். அதுதானே முறை?

அந்தச் சாலையை நான் மனசுல எத்தனை தடவை ஓட்டிப் பாத்தேன்னு கணக்கே இல்ல. போறப்பச் சோறு, வர்றப்ப என் பொண்ணு. அவ ஓட்டப் பழகினதே இந்த வண்டியிலதானுங்க. கிளட்சை விட்டு விட்டு அணைச்சுட்டு, "அப்பா, திட்டாதீங்கப்பா"ன்னு சிரிப்பா. அவளைப் பின்னாடி உக்கார வெச்சு, கண்ணாடியில பாத்துட்டே ஓட்டிட்டு வரணும். அதுக்குன்னே வண்டிக்குப் பாலீஷ் போட்டேன்.

வசந்தாமணி புளிசாதம், எலுமிச்சை, தேங்காய், எள்ளு, கடைசியாத் தயிர்சோறுன்னு பண்ணியிருந்தா. சொந்தக்காரங்கெல்லாம் மச்சான் வேன்ல ஏறிட்டாங்க, மினிபஸ் போக அவருக்கு ஒரு வேனும் இருக்குது. அது ஒரு பெரிய மெத்தை மாதிரி வண்டி, கிளம்பினா தூங்கிருவாங்க. சோத்துப் பாத்திரம், போசியெல்லாம் என் டிக்கியில. நான்தான் கேட்டு வாங்கி வெச்சேன். பொறந்த வீட்டுச் சோறு அப்பன் வண்டியில போகணும்னு சொல்லி வெச்சேன்.

கிணத்துக்கடவு தாண்டினதும் ரோடு ஒரு மாதிரி இருந்துச்சு. ரோடு வேலை நடக்குது. யாரு என்ன பண்ண முடியும்? நான் நல்லாத்தான் ஓட்டினேன்.

உடுமலையில எறங்கினா, சம்பந்தி, சம்பந்தியம்மா, பங்காளிங்க அத்தனை பேரும் வாசல்ல நிக்கறாங்க, ஆரத்தித் தட்டோட. நான் பெருமையா டிக்கியைத் தொறந்தேன்.

தயிர்சோத்துத் தூக்குப்போசி மூடி தெறிச்சுக் கெடக்குது. தயிர் முழுக்கப் புளிசாதத்து மேல. எலுமிச்சை சோத்துல எள்ளுச்சோறு. தேங்காய்ச் சோறு ஸ்பேர் டயர்ல. தயிர்சோத்துல போட்ட மாதுளம்பழ முத்து மட்டும் டிக்கி மேல்தகட்டுல ஒட்டியிருந்துச்சு, அது எப்படி அங்க போச்சுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல.

மூடி லூசுங்க. நான் அங்கயே சொன்னேன். "வசந்தாமணி, மூடியைச் சரியா அமுக்கலியா?"ன்னு கேட்டேன். அவ ஒரு பார்வை பார்த்தா, அவ்வளவுதான். அந்தப் பார்வையை அவ அவங்க அப்பன்கிட்ட வாங்கிட்டு வந்த சீதனம்னுதான் சொல்லணும்.

சம்பந்தி இருக்காரே, எட்டிப் பாத்தாரு. சிரிப்பு ஜாஸ்தின்னு சொன்னனல்ல? அன்னிக்குச் சிரிக்கல. அதுதான் எனக்குக் கஷ்டமாப் போச்சு. மெதுவா என் தோள்ல கை வெச்சுச் சொன்னாரு: "சம்பந்தி, சோத்துக்கே இந்தக் கதின்னா, புள்ளத்தாச்சிப் பொண்ணு என்ன கதியாவா? தப்பா நெனைக்காதீங்க. சிந்துஜா உங்க மச்சான் வண்டியில வரட்டும்."

ஒருத்தராவது எனக்காகப் பேசணுமல்ல? மருமகன் தரையைப் பாத்தாரு. மச்சான் ஓடிப் போய் வேன் கதவைத் தொறந்து வெச்சாரு, தலகாணியெல்லாம் போட்டு. சிந்துஜா மட்டும் என் பக்கம் திரும்பி, "நான் அப்பா கூட..."ன்னு ஆரம்பிச்சா. வசந்தாமணி அவ கையைப் பிடிச்சு ஏத்திட்டா.

கேளுங்க தம்பி. என் பொண்ணைப் பிரசவத்துக்கு நான் கூட்டிட்டு வர்றேன். எப்படிக் கூட்டிட்டு வர்றேன்? அவ முன்னாடி மாமன் வண்டியில போறா, நான் பின்னாடி என் வண்டியில, தனியா, டிக்கியில தயிர் நாத்தத்தோட. அந்த வேன் பின்கண்ணாடியில அவ தலை தெரியுது, தூங்கிட்டே வர்றா. கிணத்துக்கடவு வரைக்கும் நான் அழுதேனுங்க. சொன்னா என்ன? அழுதேன். அழுதுட்டே வளைவுல திருப்பினேன், என்னா துல்லியமாத் திரும்புச்சு தெரியுமா!

வீட்டுக்கு வந்ததுக்கு அப்புறம் சும்மா விட்டாங்களா? ஆஸ்பத்திரிக்குப் போறது யார் வண்டியிலன்னு பேச்சு வந்துச்சு. மச்சான் வண்டியை இங்கயே கொண்டு வந்து நிறுத்திடறேன்னுட்டாரு. என் வாசல்ல! என் வண்டியைத் தெருவுல போட்டுட்டு அவர் வண்டி உள்ள நிக்கணுமாம். நான் முடியாதுன்னுட்டேன். பல்லைக் கடிச்சுட்டுச் சொன்னேன், இந்த வீட்ல வண்டி இருக்குது, ஓட்டறதுக்கு ஆளும் இருக்குதுன்னு. வசந்தாமணி பாத்திரத்தையெல்லாம் போட்டு உருட்டறா. அப்ப சிந்துஜா, சோபாவுல காலை நீட்டி உக்காந்திருந்தவ, நிதானமாச் சொன்னா:

"அம்மா, நான் அப்பா வண்டியிலதான் போவேன்."

எனக்கு அப்படியே நெஞ்சு நெறைஞ்சு போச்சு. பாத்தீங்களா, என் ரத்தம்! அப்புறம் என் பக்கம் திரும்பி, "ஆனா அப்பா, ஒரு தடவை நீங்க பின்சீட்ல உக்காந்து போய்ட்டு வாங்க. எனக்காக"ன்னா.

நீங்க உங்க வண்டியில பின்னாடி உக்காந்திருக்கீங்களா தம்பி? நானும் உக்காந்ததில்ல. வாங்கினதுல இருந்து ஒரு தடவைகூட இல்ல. எதுக்கு உக்காரணும்? ஸ்டீரிங் முன்னாடிதானே இருக்குது?

சரின்னேன். எனக்கென்ன பயம்? ஆனா ஓட்டறது யாரு? மருமகன் ஊருக்குப் போயிட்டாரு. இருக்கறது மச்சான் ஒருத்தர்தான். சாவியை அவர் கையில குடுக்கறப்ப என் விரல் விடமாட்டேங்குதுங்க. நான் பின்னாடி ஏறி உக்காந்தேன். வசந்தாமணி உள்ள போனா, வந்தா. கையில அதே தூக்குப்போசி. நெறையத் தயிர். என் மடியில வெச்சா.

"மூடி லூசுன்னு சொன்னீங்கல்ல? இப்ப நானே நல்லா அமுக்கியிருக்கறேன். சிந்தாமக் கொண்டு போய்ட்டு வாங்க."

பொம்பளைக்கு என்ன வீம்பு பாருங்க.

திருச்சி ரோட்டுல ஏறினோம். மொதல் வேகத்தடையில என் தலை கூரையில பட்டுச்சு. லேசாத்தான். அடுத்து தண்ணிக்குழாய்க்குத் தோண்டி மூடின எடம், வரிசையா வருமல்ல, அதுல ஏறினாரு. நான் அந்த எடத்தை நூறு தடவை ஓட்டியிருக்கறேன், அப்படி ஒரு பள்ளம் அங்க இருக்குதுன்னே எனக்குத் தெரியாது. என்னன்னா, ஓட்டறப்ப முன்கூட்டியே தெரியும், கை பிடிச்சிருக்கும், உடம்பு தயாரா இருக்கும். பின்னாடி உக்காந்தவனுக்கு ஒண்ணுமே தெரியாது. திடீர்னு அடி. அடுத்தது எப்ப வரும்னும் தெரியாது.

தயிரு குதிக்குது. நான் மூடி மேல ஒரு கை வெச்சேன். பத்தல. போசியைத் தூக்கி வயித்தோட சேத்து ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சுட்டேன், குனிஞ்சு, அது மேல கவுந்து. ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் முதுகைக் குடுத்தேன், அதைக் குடுக்கல. அப்ப நெனைச்சேன், அட, ஒரு படி தயிருக்கே இப்படிப் பதறுறனே.

வேற ஒண்ணும் நெனைக்கல. அதோட விட்டுட்டேன்.

முன்னாடி என்ன நடக்குதுன்னு கேளுங்க. மச்சான் மொதல்ல பயந்து பயந்துதான் எடுத்தாரு. சிந்தாமணிப்புதூர் ரவுண்டானா வந்துச்சு, திருப்பினாரு. அவ்வளவுதான், கழுத்து நிமிந்துச்சு. கண்ணாடியில பாக்கறேன், மனுசன் மூஞ்சி மாறிக் கெடக்குது. ரவுண்டானாவை இன்னொரு தடவை சுத்தறாரு! "மாப்பிள்ளை! என்னா வண்டிங்க மாப்பிள்ளை! சொன்ன பேச்சுக் கேக்குதே! எங்க பஸ்ல அரைச்சுத்துச் சுத்தினாத்தான் திரும்பும்!" மறுபடியும் ஒரு சுத்து. எனக்கு இடுப்புல சுருக்குன்னுச்சு.

"மெதுவாப் போங்க மச்சான்!"னு கத்தினேன்.

என் ஆயுசுல நான் யாரையும் மெதுவாப் போகச் சொன்னதில்லீங்க. என் வாயில இருந்து அது வந்ததே எனக்குப் புதுசா இருந்துச்சு. அவருக்குக் காதுலயே விழல, அந்தப் பாழாப்போன கீச்சு சத்தத்துல.

திரும்பி வந்தோம். வாசல்ல சிந்துஜா நிக்கறா, இடுப்புல கை வெச்சுட்டு. "எப்படிப்பா இருந்துச்சு?"ன்னு கேக்கறா.

"ஒண்ணுமே இல்ல கண்ணு"ன்னேன். சட்டை முழுக்கத் தயிர். கொஞ்சந்தான், கொஞ்சந்தான் சிந்தியிருந்துச்சு. அவ சிரிக்கல தம்பி. துப்பட்டாவால என் தாடையில இருந்த தயிரைத் தொடச்சு விட்டுட்டு, "அப்பச் சரிப்பா. நம்ம வண்டியிலயே போயிரலாம்"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா.

நம்பறா. நான் ஒண்ணுமில்லைன்னு சொன்னா அவளுக்கு ஒண்ணுமில்லை. நோவு வந்தா, அந்தத் தண்ணிக்குழாய்ப் பள்ளத்துல நான் ஓட்டிட்டுப் போறப்ப, பின்னாடி பல்லைக் கடிச்சுட்டு, "அப்பா, வண்டி நல்லாத்தான் போகுது"ன்னு சொல்லிட்டு வருவா. அவ அப்படிப்பட்டவ. எனக்கு அன்னிக்கு ராத்திரி பூரா கண்ணு மூடல. இடுப்பு வலிங்க, வேற ஒண்ணும் இல்ல. வென்னீர் ஒத்தடம் குடுத்தாங்க. அது பட்டறையில ஷாஃப்ட் தூக்கினதுல பிடிச்ச வலி.

மறுநாள் காலையில மச்சான் காப்பி குடிக்க வந்தாரு. வந்ததும் வராததுமா என் கையைப் பிடிச்சுட்டு, "மாப்பிள்ளை, நான்தான் தெரியாமப் பேசிட்டேன். எதையும் மாத்தாதீங்க. அந்தக் கருப்பு புஷ் இருக்கட்டும். நானே ஒரு பழைய கார் பாக்கலாம்னு இருக்கறேன்"ங்கறாரு. பாருங்க, எதிரியே ஒத்துக்கிட்டான். யாருக்குக் கெடைக்கும் அது? நான் சொன்னது அத்தனையும் சரின்னு ஆயிருச்சு. அப்பவே எந்திரிச்சு சட்டையைப் போட்டுட்டு இங்க வந்துட்டேன். மச்சான் மாத்தாதீங்கன்னு சொல்றாரு. அவர் சொல்லி நான் எதையாவது கேட்டிருக்கறனா?

இதோ, பாய் வந்துட்டாரு. வாங்க பாய், கெடைச்சுதா? நாலு மூலைக்கும்? முன்னாடி, பின்னாடி ரெண்டுக்கும்? காட்டுங்க. ம்ம். நல்லாத்தான் இருக்குது. அமுக்கிப் பாக்கறேன். நல்ல எளக்கம்.

ஆமாங்க தம்பி, ரப்பர்தான். என்னத்துக்கு அப்படிப் பாக்கறீங்க? நீங்களுமா பாய்? நான் தோத்துட்டேன்னு யாரும் நெனைக்க வேண்டாம். யாரும் என்னைச் சொல்லல. வசந்தாமணி ஒரு வார்த்தை சொல்லல, சம்பந்தி சொல்லல, மச்சான் வேண்டாம்னே சொன்னாரு. நானா வந்தேன், நானா வாங்கறேன். யூரித்தேன் மாதிரி ஒரு பொருள் உலகத்துல கெடையாது, அதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல. கழட்டற கருப்பு புஷ்ஷைத் தூக்கிப் போட மாட்டேன், கிரீஸ் தடவி, துணி சுத்தி, பட்டறையில வெச்சிருக்கப் போறேன். அவளுக்குப் பொறக்கறது வளர்ந்து லைசென்ஸ் எடுக்கட்டும், அன்னிக்கு எடுத்துப் போடறேன். பேத்தியா இருந்தா இன்னும் நல்லது, அவங்க அம்மா மாதிரி கிளட்சு விடுவா.

இன்னொண்ணு கேட்டுக்கங்க. ரப்பர் போடறதா இருந்தா, போல்ட்டை அந்தரத்துல டைட் பண்ணக்கூடாது. வண்டியைத் தரையில இறக்கி, சக்கரம் பாரத்தைத் தாங்கினதுக்கு அப்புறம்தான் பண்ணணும். இல்லாட்டி முறுக்கிட்டு நின்னு கிழிஞ்சுரும். பாதிப் பேருக்கு இது தெரியறதில்ல. மச்சான் சொன்னதா? அவரு ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னாரு தம்பி. நான் யோசிச்சுச் சொல்றேன்.

சரி, நான் வர்றேன். சாயங்காலத்துக்குள்ள மாட்டணும், பொண்ணுக்கு நாள் நெருங்கிருச்சு. பாய், இவருக்கு எடுத்துக் காட்டுங்க. கருப்பே எடுங்க தம்பி, யோசிக்காதீங்க. ஓட்டறது நீங்க, உங்க இஷ்டம். எடுங்க.

இருங்க இருங்க. எடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் சொல்லுங்க. உங்க வண்டியில பின்சீட்ல யாருங்க உக்காருவாங்க?